அத்தாயியோட ரெண்டு போட்டோ

செம்மேடு,
8-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதா எழுதறேன். கால் எப்படி இருக்கு? பலா மரத்துல இருந்து விழுந்தவர், "நானாத்தான் குதிச்சேன்"னு ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்டயே சாதிச்சீங்களாமே. கலைச்செல்வி அத்தை சொல்லிச் சிரிச்சாங்க. மாவுக்கட்டுப் பிரிக்க ரெண்டு மாசம் ஆகும்னாங்க. உங்க ஊர்ல டவர் எடுக்கணும்னா பாறை மேல ஏறணும், அது இப்ப உங்களால ஆகாது. சீசன் நேரத்துல கடையைப் பூட்டிட்டு என்னாலயும் வர முடியாது. அதனாலதான் இந்த லெட்டர். காலை பஸ்ஸுல கண்டக்டர் வேல்முருகன் அண்ணன் கொண்டாந்து குடுப்பார். பதிலைச் சாயங்கால பஸ்ஸுக்கு அவர்கிட்டயே குடுத்து விடுங்க.

மாமா, ஒரு பெரிய சேதி. செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி அருணா மேடம்னு ஒருத்தங்க விடுதி கட்டியிருக்காங்க. ஆடிப் பதினெட்டுக்குத் திறப்பு. தங்க வர்றவங்களுக்கு முகப்பூச்சு, தலைக்கு எண்ணெய், கால் பிடிச்சு விடறதுன்னு தனியா ஒரு ரூம். சன்னலைத் திறந்தா பள்ளத்தாக்கு! அந்த ரூமை எனக்குக் குடுக்கலாமா, சேலத்துல மூணு கிளை வெச்சிருக்கிற ஒரு பார்லருக்குக் குடுக்கலாமான்னு யோசிக்கறாங்க. "உன் பேஜைப் பார்த்துட்டுத் திறப்புக்கு முன்னாடி சொல்றேன்"னுட்டாங்க.

என் பேஜ்ல முன்னூத்திப் பன்னெண்டு பேர்தான் இருக்காங்க. அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க. கடையோ டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவுல எட்டுக்கு எட்டு. கண்ணை மூடிப் படுக்கற கஸ்டமருக்கு யூரியா வாசம் அடிக்குது. இந்த ரூம் கிடைக்கலேன்னா, மழைக்காலத்துல கடையை மூடிட்டு மறுபடி நாமக்கல் போய் இன்னொருத்தர் பார்லர்ல தலை அலசணும். எனக்கு இஷ்டமில்ல.

முப்பது நாளைக்கு எதைப் போடறதுன்னு ஒரு திட்டம் எழுதணும். நம்ம சாமை மாவு, கஸ்தூரி மஞ்சள், பச்சைப்பயறு, மலைத்தேன், இதுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதி அனுப்புங்க. என் பழைய போனும் இதோட வருது. அதுல வீடியோ எடுத்துப் போனையே குடுத்து விட்டா, நான் இங்க வெட்டி ஒட்டிப் போட்டுட்டு, போனைத் திருப்பி அனுப்பிடறேன்.

உங்க,
ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
10-6-2025

என் தங்கக் கண்ணு ரஞ்சிதாவுக்கு, உன் தாய்மாமன் செங்கோட்டையன் எழுதிக்கொள்வது.

நலம். கால் மட்டும் நலமில்லை, மத்ததெல்லாம் நலம். குதிச்சது நெசம் சாமி. மேல இருந்து பாக்கறேன், பலாப்பழம் ஒண்ணு, கன்னுக்குட்டி கனம், நேரா உங்கத்தை தலைக்கு எறங்குது. பழத்துக்கு முந்தி நான் எறங்கி அவளைத் தள்ளிவிட வேண்டியதாப் போச்சு. அவளைக் கேட்டா, அந்நேரம் அடுப்படியில இருந்தேம்பா. நம்பாதே. நன்றி கெட்ட உலகம்.

உன் லெட்டரை மூணு தரம் படிச்சேன். கேக்கறதுக்கு நீ சரியான ஆளைத்தான் புடிச்சே! விளம்பரம்ங்கறது என் ரத்தத்துல ஓடுது. போன வருசம் சந்தையில அன்னாசிப்பழத்தை ஏலம் போட்டவன் நான். அன்னிக்குச் செம்மேட்டுல பஸ்ஸே நகரல, டிரைவர் எறங்கி வந்து நாலு பழம் வாங்கிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

திட்டம் ராவோட ராவா ரெடி. மொத நாளு நான் கட்டில்ல உக்காந்திருக்கேன். மூஞ்சி மட்டும் தெரியுது. "இந்த மனுசனுக்கு வயசு என்ன?"ன்னு கேக்கறே. எல்லாரும் நாப்பதும்பாங்க. அறுபத்தொண்ணுன்னு நான் சொன்ன ஒடனே போனே அதிரணும். அடுத்த நாளு கரடி. தேன் எடுக்கப் போனப்ப கரடி ஒண்ணு என் தூக்குப்போசியில இருந்த சாமை மாவுல மூஞ்சியை விட்டுட்டுது. மறு வாரம் பாக்கறேன், மலையில இருக்கிற கரடிக்கெல்லாம் நடுவுல அது மட்டும் பளபளன்னு நிக்குது. அதை நீ யாரையாவது வெச்சுப் படமா வரையச் சொல்லு. மூணாம் நாளு, நம்ம மலையை ஆண்ட ஓரி ராசா. அவரு அரமனையில மஞ்சள் அரைச்சது நம்ம பாட்டனுக்குப் பாட்டன். ராணிமாருங்க ஏழு பேரும் அந்த மஞ்சள்தான். எட்டுன்னும் சொல்லுவாங்க, நீ ஏழுன்னே போடு, அடக்கமா இருக்கட்டும்.

இப்படியே முப்பதுக்கும் சரக்கு இருக்குது. சேலத்துக்காரனுக்குக் கிளை மூணு இருக்கலாம், செங்கோட்டையன் ஒருத்தன் இருக்கானா அவன்கிட்ட?

இப்படிக்கு,
அந்தக் காலத்து அஞ்சாப்பு,
செங்கோட்டையன்

செம்மேடு,
13-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கரடி வேண்டாம். ராணிகள் ஒருத்தர்கூட வேண்டாம். உங்க வயசு ஐம்பத்தெட்டு, போன மாசம்தான் ஆதார்ல பார்த்தேன். எல்லாரும் வயசைக் குறைச்சுச் சொல்லுவாங்க, நீங்க கூட்டிச் சொல்றீங்க!

ஆனா லெட்டரைப் படிச்சு டீக்கடை பாப்பாத்தி அக்காவும் நானும் சிரிச்ச சிரிப்புல ஒரு கஸ்டமர் உள்ள எட்டிப் பார்த்து, அப்படியே முகப்பூச்சும் போட்டுட்டுப் போனாங்க. அதுல எனக்கு ஒண்ணு தோணுச்சு. நீங்க பேசறதையே எடுக்கலாம். சாமை குத்தறது, மஞ்சள் வேகவெச்சுக் காய வெக்கறது, தேனை வடிகட்டறது எல்லாத்தையும் அத்தை செய்யட்டும், நீங்க பேசுங்க. இதைப் பூசினா நோய் போகும், வயசு போகும்னு மட்டும் ஒரு வார்த்தை வரக் கூடாது. அப்படிச் சொன்னா சட்டப்படியும் தப்பு, எனக்கும் பிடிக்காது.

என் திட்டம் இது. திங்கக்கிழமை ஒரு பொருள், புதன்கிழமை அதைப் பக்குவம் பண்ற விதம், ஞாயித்துக்கிழமை மக்கள் கேக்கறதுக்குப் பதில். வெள்ளிக்கிழமைக்குத்தான் உங்க உதவி. நம்ம ஊர்ப் பொம்பளைங்க அஞ்சு பேருக்கு மாவு அனுப்பறேன். இருபத்தெட்டு நாள், தினமும் இருபது நிமிஷம் பூசிட்டு உக்காரணும். காயற வரைக்கும் பேசக் கூடாது, பேசினா மாவு வெடிக்கும். பூச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, இருபத்தெட்டாம் நாள் ஒரு போட்டோ. ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே வெளிச்சத்துல இருக்கணும். உங்க கட்டில் கிடக்கிற வாசலே போதும். சும்மா எப்பவும் இருக்கிற மாதிரி வந்து நிக்கச் சொல்லுங்க.

இதுதான் மாமா முக்கியம். அருணா மேடம் இதைத்தான் பார்ப்பாங்க.

ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
16-6-2025

கண்ணு ரஞ்சிதாவுக்கு,

மாவு வந்துது, ஊரே கலகலத்துது! அஞ்சு பேர் கேட்டே, வாசல்ல அம்பது பேர். உங்கத்தை பதினொண்ணும்பா, அவளுக்கு எண்ணத் தெரியாது. நான் கட்டில்ல உக்காந்துக்கிட்டே அஞ்சு பேரைப் பொறுக்கினேன். பக்கத்தூட்டு அத்தாயி, பெருமாயி, பூங்குழலி, அப்புறம் மேலூட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அத்தாயிதான் நம்ம ராணி. நாலு புள்ளை, ரெண்டு மாடு, ஒரு மாமியாரு, எல்லாத்தையும் ஒத்தையாத் தாங்கறவ. அவ மூஞ்சியில வெளிச்சம் வந்துட்டா மலைக்கே வந்த மாதிரி.

மொதப் போட்டோ உங்கத்தை போன்ல புடிச்சாச்சு. வாசல்லயே, அத்தாயியோட மரவள்ளிக் காட்டை ஒட்டி, நீ சொன்ன மாதிரியே ஒரே இடம். போட்டோன்னு சொன்னதும் அரை மணி நேரம் ஒருத்தியையும் காணோம், அப்புறம் வந்தாளுங்க. எடுத்தது பூராவும் அப்படியே சினிமாதான். இப்ப அனுப்ப மாட்டேன், சோடி சேந்த பின்னாடி ஒண்ணா அனுப்பறேன். சஸ்பென்ஸ்!

உங்கத்தை சாமை குத்த நான் பேசினது பன்னெண்டு வீடியோ போன்ல இருக்குது. மூணாவதுல கோழி குறுக்க வருது, அதை வெட்டிடாதே. நல்லா நடிச்சிருக்குது.

உன் மாமன்

செம்மேடு,
27-6-2025

மாமா மாமா மாமா!

அத்தை சாமை குத்த நீங்க பேசற வீடியோவை இதுவரைக்கும் நாப்பத்தி ரெண்டாயிரம் பேர் பார்த்திருக்காங்க! நாப்பத்தி ரெண்டாயிரம்! நீங்க கூட்டிச் சொல்ற கணக்கில்ல, நெசக் கணக்கு. "உலக்கை போடறது அவ, மூச்சு வாங்கறது நான்"னு சொன்னீங்களே, அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்ப எழுதறாங்க. கோழிக்குத் தனியா ரசிகர்கள். பேஜ்ல இப்ப ஆறாயிரம் பேர். நேத்து கடைக்கு வந்த ஈரோட்டுக்காரங்க, "அந்தக் கட்டில் மாமா எங்கே?"ன்னு கேட்டுட்டு, நீங்க இல்லேன்னதும் முகம் வாடிப் போய்ட்டாங்க.

அருணா மேடம் போன் பண்ணினாங்க. "உங்க மாமா என்னைச் சிரிக்க வெக்கறார். ஆனா சிரிக்க வெக்கறவங்களை நான் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் நம்புவேன்"னாங்க. சேலத்துப் பார்லர்ல பூராவும் கம்ப்யூட்டர்ல வழவழப்பாக்கின முகமாம், அவங்களுக்குப் பிடிக்கல. "உன் அஞ்சு பேர் போட்டோ வரட்டும், பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க. ரூம் கிட்டத்தட்ட கைக்கு வந்த மாதிரிதான் இருக்கு மாமா. எனக்குத் தூக்கமே வரல.

சன்னலோரமா எந்தக் கட்டிலைப் போடறதுன்னுகூட யோசிச்சு வெச்சிட்டேன்.

ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
13-7-2025

கண்ணு,

அனுப்பிட்டேன்! உங்கத்தை போன்ல இருந்து பத்துப் போட்டோவையும் உன் போனுக்கு ஏத்தியாச்சு. எது முந்தி, எது பிந்தின்னு ஒவ்வொண்ணுலயும் நானே நம்பர் போட்டிருக்கேன். அத்தாயியை மொதல்ல பாரு. முந்தின போட்டோவுல தலை கலைஞ்சு, மூஞ்சியெல்லாம் வேர்வை, கன்னத்துல சேறு, பாவமா நிக்கறா. பிந்தின போட்டோவுல, அடேயப்பா! காஞ்சிபுரமே எறங்கி வந்து நிக்குது. என் கண்ணாலயே என்னால நம்ப முடியல.

பால் ஊத்தற வண்டிக்காரன் பாத்துட்டு, "இது யாரு, புதுசா கல்யாணமாகி வந்த பொண்ணா?"ன்னான். நெசம். சீக்கிரம் போடு. சேலத்துக்காரன் மூட்டை கட்டட்டும்.

மாமன்

செம்மேடு,
18-7-2025

மாமா,

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கக்கூடப் பொறுமையில்லாம செவ்வாய்க்கிழமையே அத்தாயி அக்கா போட்டோவைப் போட்டேன். ரெண்டு மணி நேரத்துல ஆயிரம் லைக். சந்தோஷத்துல பாப்பாத்தி அக்காவுக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேன், அவங்க கடையிலயே.

சாயங்காலம் ஒரு கமெண்ட் வந்துது. கருப்பண்ணன்னு ஒருத்தர், நம்ம மலையிலயே திருப்புலி நாட்டுக்காரராம், திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கார். அப்படியே எழுதறேன், படிங்க:

"தங்கச்சி, பூசறதுக்கு முந்தி எடுத்த போட்டோவுல அந்தக்கா பின்னாடி மரவள்ளி இடுப்பு உசரம் நிக்குது. ஒரு மாசம் கழிச்சு எடுத்த போட்டோவுல முழங்கால் உசரம்தான் இருக்குது. உங்க மாவைப் பூசினா மரவள்ளிக்கும் வயசு குறையுமா?"

அவ்வளவுதான் மாமா. பேஜ் பூராவும் மரவள்ளிதான். "எங்க காட்டுக்கு ரெண்டு மூட்டை அனுப்புங்க, களையைச் சின்னதாக்கணும்"னு ஒருத்தர். "மாமியார் மேல பூசினா தவழ்வாங்களா?"ன்னு இன்னொருத்தர். நான் கஸ்டமருக்குப் பூச்சுப் போட்டுக்கிட்டு இருக்கறப்பவே வாசல்ல நின்னு போன்ல படிச்சுச் சிரிச்சாங்க.

ஒரே இடத்துல எடுக்கச் சொன்னது நான். அந்த இடமே காட்டிக் குடுத்துடுச்சு.

அருணா மேடம் மூணே வார்த்தை அனுப்பியிருக்காங்க. "இது என்ன ரஞ்சிதா?"

மத்தது எதுவும் எனக்கு வேண்டாம். ஒரே வரி எழுதுங்க. போட்டோவை மாத்தினீங்களா, இல்லையா?

ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
19-7-2025

கண்ணு ரஞ்சிதாவுக்கு,

பதட்டப்படாதே. மரவள்ளியைப் பத்தித் திருப்பூர்ல பனியன் தைக்கறவனுக்கு என்ன தெரியும்? மொதல் விசயம், காத்து. ஆடிக் காத்துல மரவள்ளி சாஞ்சுக்கும், சாஞ்சா குட்டையாத்தான் தெரியும். ரெண்டாவது, அன்னிக்குக் காட்டுப்பன்னி வந்துட்டுது. ஒண்ணா ரெண்டா, இருபத்தி மூணு பன்னி. பாதிச் செடியைத் தின்னுட்டுது. நான் ஊனுகோலைச் சுத்தித்தான் வெரட்டினேன். மூணாவது, இது ஒரு பழைய ரகம், மழை பேஞ்சா உள்ளுக்கு இழுத்துக்கும். எங்கப்பன் காலத்துல இருந்தே உண்டு.

இதுல எது தோதுப்படுதோ அதைப் போட்டுக்க.

மாமன்

செம்மேடு,
21-7-2025

மாமா,

போட்டோவைப் பேஜ்ல இருந்து எடுத்துட்டேன். மத்த நாலு சோடியையும் போடல. அருணா மேடத்துக்கு, "மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேன்"னு எழுதியிருந்தேன். கேட்டேன். நீங்க இருபத்தி மூணு பன்னி அனுப்பினீங்க. அதை நான் யாருக்கு அனுப்பட்டும்?

அம்மா போனப்பறம் எனக்குன்னு ஓடி வந்தவர் நீங்க ஒருத்தர்தான். உங்க கரடியையும் ராணிகளையும் நான் ஒரு நாளும் பொய்யா நெனச்சதில்ல, அது நீங்க பேசற விதம். ஆனா இது என் பேர்ல போனது மாமா.

போனைக் குடுத்து விடுங்க. இனிமே வீடியோ வேண்டாம்.

ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
23-7-2025

ரஞ்சிதாவுக்கு,

மாத்தினேன்.

ஒரு வரி கேட்டே, அந்த வரி அதுதான். மீதியைப் படிக்கறதும் விடறதும் உன் இஷ்டம்.

எப்பவும் இருக்கிற மாதிரி வந்து நில்லுங்கன்னு நீ எழுதினதை அஞ்சு பேர்கிட்டயும் நான் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். கேட்டாளுங்களா? அரை மணி நேரத்துல அத்தாயி கல்யாணப் பட்டைக் கட்டிக்கிட்டு, கனகாம்பரம் வெச்சு, மூஞ்சிக்குப் பவுடரு அப்பிக்கிட்டு வந்து நிக்கறா. "ஏம்மா, இது பூசறதுக்கு முந்தி எடுக்கறது, சும்மா வா"ன்னேன். அவ சொல்றா: "ஏனுங்கண்ணா, போட்டோன்னா என்ன? நாளைக்கு நான் போயிட்டா சுவத்துல மாட்டறது. அதுல அழுக்குச் சேலையோட நிக்கச் சொல்றீங்களா? எம்புள்ளைங்க அதைப் பாத்துத்தான் கும்புடணுமா?" சரின்னு புடிச்சேன். அஞ்சு பேரும் அப்படியேதான். பெருமாயி, அவ அக்கா ஊட்டு அட்டிகையை எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னா.

இருபத்தெட்டாம் நாளு சாமைக் காட்டுல களை எடுப்பு, மழை வேற. கூப்புட்டா, "ஒருக்கா எடுத்தாச்சே, மறுக்கா எதுக்கு?"ன்னு கை கழுவாம வந்து நின்னுட்டு ஓடிட்டாளுங்க. மொதப் போட்டோவுல மகாராணி, கடைசிப் போட்டோவுல சேத்துல புரண்ட எருமை. இதை அனுப்பினா உன் மாவைப் பூசித்தான் இப்படி ஆனாங்கன்னு சனம் சொல்லாதா? ரெண்டு போட்டோவும் அவதானே, எடம் மாத்தி வெச்சா என்ன பொய்யின்னு நெனச்சேன். நீ சன்னலோரக் கட்டிலைப் பத்தி எழுதியிருந்தே. அந்த ரூம் போயிடக் கூடாதுன்னு பயந்துட்டேன் சாமி. பயத்தைச் சொல்லிப் பழக்கமில்ல, அதான் பன்னியை விட்டேன்.

உங்கத்தை நேத்துச் சோத்துத் தட்டோட உன் லெட்டரையும் எம்முன்னாடி வெச்சுட்டுப் போயிட்டா. அதுக்கு மேல தாங்காது. அஞ்சு பேரையும் கூப்புட்டு, எல்லார் முன்னாடியும் போன்ல வீடியோ ஓட விட்டுச் சொல்லிட்டேன். "போட்டோவை மாத்தினது நான், ரஞ்சிதாவுக்குத் தெரியாது"ன்னு. பெருமாயி, "இதையும் நீங்க கூட்டித்தானே சொல்றீங்க?"ன்னு சிரிக்கறா. மொதத் தரம் நெசம் பேசறேன், ஒரு நாய் நம்பல!

அப்ப அத்தாயி போனைத் தன் பக்கமாத் திருப்பச் சொன்னா. அவ பேசினதும் அதுலயே இருக்குது, நான் கை வெக்கல. கேளு.

செங்கோட்டையன்

செம்மேடு,
28-7-2025

மாமா,

நாலு நாள் பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க. ரெண்டு நாள் கோபம், மீதி ரெண்டு நாள் அத்தாயி அக்கா வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

"எம்மூஞ்சி மாறுச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்டுக் கண்ணாடியில பாதி ரசம் போச்சு. ஆனா மாவைப் பூசிட்டாப் பேசக் கூடாதுன்னாங்க. இருபது நிமிசம். மாமியா கூப்புட்டா, கையைக் காட்டினேன். புள்ளை கூப்புட்டான், கையைக் காட்டினேன். மாடு கத்துச்சு, யாரோ போய்ப் பாத்தாங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல பகல்ல நான் கண்ணை மூடி உக்காந்தது இந்த இருபத்தெட்டு நாளுதாங்க. மாவு தீந்து போச்சு. இன்னுங் கொஞ்சம் குடுப்பீங்களா?"

அவங்க கேட்ட மாவு இதோட வருது. எல்லாப் போட்டோவையும் போடலாமான்னு அஞ்சு பேரையும் கேட்டு வரச் சொல்லி வேல்முருகன் அண்ணன்கிட்டச் சொல்லி விட்டேன், சம்மதம்னு வந்துது. அப்பறம்தான் போட்டேன். அஞ்சு சோடியும், சரியான வரிசையில, பட்டுச்சேலை முதல்ல, சேறு பின்னால. உங்க ஒப்புதல், அதுக்கப்பறம் அத்தாயி அக்கா பேச்சு. கருப்பண்ணன் அண்ணன்தான் முதல் கமெண்ட்: "எங்கம்மாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பு தங்கச்சி. எங்கப்பாரு இருபது நிமிசம் கம்முனு இருக்கட்டும்." லட்சத்தைத் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கு மாமா. பொம்பளைங்க அவங்கவங்க இருபது நிமிஷத்தைப் பத்தி எழுதிக்கிட்டே இருக்காங்க, படிச்சு முடியல.

ஆனா ரூம் இன்னும் முடிவாகல. அருணா மேடம், "வீடியோவுல யார் வேணா என்ன வேணா பேசலாம். நான் நேர்ல போய்ப் பார்க்கறேன்"னுட்டாங்க. புதன்கிழமை, முப்பதாம் தேதி, உங்க ஊருக்கு வர்றாங்க. நான் கூட வரக் கூடாதாம், சொல்லிக் குடுத்துடுவேனாம்.

மாமா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், கட்டுப் போட்ட காலைத்தான். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. பன்னி, கரடி, ராசா, யாரும் வரக் கூடாது. அவங்க போற வரைக்கும் ஒரே ஒரு சொல்லுகூட வேண்டாம்.

புதன்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு நான் இங்க காத்துக்கிட்டு நிப்பேன்.

ரஞ்சிதா

வளப்பூர் நாடு,
30-7-2025

என் ராசாத்தி ரஞ்சிதாவுக்கு,

சாயங்கால பஸ்ஸுக்குள்ள எழுதி முடிக்கணும், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க.

நீ எழுதினதைப் படிச்சுட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு என் வாயைப் பத்தித் தெரியும். அதனால ஜீப்பு வண்டிச் சத்தம் கேட்டதும் உங்கத்தைகிட்ட, "அந்த மாவை எடுத்து எம்மூஞ்சியில அப்பு"ன்னேன். பக்கத்துல நின்ன பூங்குழலி முந்திக்கிட்டு, தாடையோட சேத்து அரை வெரக்கடை கனத்துக்கு அப்பிட்டா. அருணாம்மா எறங்கி வாரப்ப நான் கட்டில்ல வெள்ளாவி வெச்ச துணி மாதிரி உக்காந்திருக்கேன். "நீங்கதான் அந்த மாமாவா?"ன்னாங்க. தலையை ஆட்டினேன். "போட்டோவை மாத்தினது நெசமா?" தலையை ஆட்டினேன். "ஏன்?" அதுக்கு எப்படித் தலையை ஆட்டறது! ஆட்டினதுல நெத்தியில விரிசல் உட்டுப் போச்சு. அந்தம்மா சிரிச்சுட்டாங்க.

அப்புறம் என்னை விட்டுட்டு மரவள்ளிக் காட்டுக்குள்ள போய் அத்தாயிகிட்டக் கேட்டாங்க, பெருமாயிகிட்டக் கேட்டாங்க. எனக்குக் காது மட்டும்தான் வேலை செஞ்சுது. பெருமாயி, "எனக்குப் பூசினா கொஞ்சம் அரிச்சுதுங்க, நாலாம் நாளே விட்டுட்டேன்"னு போட்டு ஒடைக்கறா! எனக்கு எந்திரிச்சுப் போய் அவ வாயைப் பொத்தணும் போல வந்துது. உக்காந்திருந்தேன். அருணாம்மா, "அதை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"ன்னாங்க. "ரஞ்சிதாகிட்டச் சொல்லி விட்டேனுங்க, அது ஒடனே பூசாதீங்கன்னு ஆளு விட்டுச்சு, எம்போட்டோவுக்குக் கீழயும் அதை எழுதுச்சாம்"ன்னா. நீ எங்கிட்ட அதைச் சொல்லவே இல்ல பாரு.

அப்புறம் அந்தம்மா வந்து அத்தாயி ஊட்டு நிழல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்து, "எனக்கும் பூசு"ன்னாங்க. அத்தாயிதான் பூசினா. விடுதி வேலையாளு ஒருத்தன் வண்டியில இருந்து எறங்கி, "மேடம், டைல்ஸ்காரர்..."ன்னு ஆரம்பிச்சான். அந்தம்மா கையைக் காட்டினாங்க. அவன் வண்டிக்கே போய்ட்டான். இருபது நிமிசம்னு நீ சொல்லுவே. அந்தம்மா ஒண்ணே கால் மணி நேரம் தூங்கினாங்க கண்ணு! மாவு காஞ்சு, வெடிச்சு, கோழி வந்து காலடியில படுத்து எந்திரிச்சுப் போச்சு. ஒருத்தியும் எழுப்பல. அஞ்சு பொம்பளைங்களும் சுத்தி நின்னு மாட்டைக்கூடக் கத்த விடல. குறட்டைன்னா குறட்டை, அக்கட்ட மலையில எதிரொலிச்சு வந்துது.

எந்திரிச்சு மூஞ்சி கழுவினாங்க. அப்புறம் அத்தாயிகிட்ட, "ரஞ்சிதாவை நாளைக்கே வந்து சாவியை வாங்கிக்கச் சொல்லு"ன்னாங்க. ரெண்டே நிபந்தனை. அந்த ரூம்ல யார் மூஞ்சியையும் முந்தி பிந்தின்னு போட்டோ புடிக்கக் கூடாது. கதவுல எழுதி மாட்டணும்: "இருபது நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டோம்." சேலத்துக்காரனுக்கு அங்கிருந்தே போன் போடப் பாத்தாங்க, டவர் எடுக்கல, போற வழியில சொல்லிக்கறேன்னுட்டாங்க.

சாவி, கண்ணு! சன்னலு! பள்ளத்தாக்கு!

நான் இதுல ஒரு சொல்லுகூடச் சேக்கல. நீ நம்ப மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால அத்தாயியைக் கூட்டியாந்து படிச்சுக் காட்டி, கீழ அவ கையாலயே எழுதச் சொல்லியிருக்கேன்.

உன் மாமன்,
செங்கோட்டையன்

ரஞ்சிதா கண்ணு, அத்தாயி எழுதறேன். அண்ணன் படிச்சுக் காட்டினாரு. சாவி நெசம். நாளைக்குக் காலையிலயே போய் வாங்கிக்க. அந்தம்மா தூங்கினதும் நெசம். ஆனா குறட்டை அவங்க இல்ல. பக்கத்துக் கட்டில்ல மாவைப் பூசிக்கிட்டு உக்காந்திருந்தாரே, அவரு.